மழைக்கால முன்னேற்பாடு: ஞாயிறு காலை எல்லோரும் வாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். மழை பிடித்துவிட்டது, இனி அக்டோபர் வரை விடாது. யாங்கூன் கண்டோஜி ஏரிப் பக்கத்து நம் தெருக்களில் சாக்கடை அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது. ஜூன் 7, ஞாயிறு காலை 7 மணிக்குத் தெருமுனையில் கூடிச் சுத்தம் செய்கிறோம்.

1. வீட்டுக்கு ஒருவராவது வரவும். மண்வெட்டி, கூடை இருந்தால் கொண்டு வாருங்கள். பூட்ஸ் கட்டாயம், புல்லுக்குள் பாம்பு கிடக்கும்.

2. டெங்கு கொசு வீட்டு டிரம், பூச்சாடியில் நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டிரம்மின் உள்பக்கம் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். வாரம் ஒருமுறை நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள்.

3. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம், பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், புரூபன் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் இறங்கிய பிறகு கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நேரம்தான் ஆபத்து. தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள்.

4. குப்பைப் பையை ஏரியில் போட வேண்டாம்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போடவும், அதை வைத்துத்தான் மொகிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்) ஆர்டர் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்களே, டிரம் கழுவ ஆள் வேண்டுமானால் தயங்காமல் சொல்லுங்கள். தம்பிகள் வருவார்கள்.