ஒட்டுப்போர்வைக் கண்காட்சிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

கண்காட்சிக்கு இன்னும் 19 நாள்தான் இருக்கிறது. செலவில் நூற்றுக்கு 62 பங்கு சேர்ந்துவிட்டது. மீதி 38 பங்குக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த இந்தப் போர்வைகளில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒப்படைத்தவை மொத்தம் 64. கந்தலையும் வீணாக்காத கைகள் தைத்தவை. ஆனால் அதில் இருப்பது சிக்கனம் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவோம். அத்தனை கருநீலத்துக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் முக்கோணம் வைத்தவருக்கு, அதை ஏன் அங்கே வைத்தோம் என்று தெரியும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளை வெட்டித் தைத்தார்கள். கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான ‘சித்தி’ இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் போர்வைகளை ஓவியம் போலச் சுவரில் மாட்டியது.

ஹாரியட் பவர்ஸை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் உருவங்களாக வெட்டித் தைத்தார். பணமுடையில் 1891-இல் அந்தப் போர்வையை 5 டாலருக்கு விற்றார். விற்ற பிறகும் அதைப் பார்ப்பதற்கென்றே போய் வந்தாராம். இன்று அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, செலவுக்கு வருவோம். ஆணி அடித்தால் துணி கிழியும். பின்புறம் துணிக்குழல் தைத்துக் கம்பி நுழைக்க வேண்டும். 41 முடிந்தது, 23 பாக்கி. போர்வைகளைப் பத்திரமாக வைக்க, துணியை அரிக்காத அமிலமில்லாத தாளும் பெட்டியும் வாங்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்த ஒரு போர்வை போன மாதம் எங்கள் கையிலேயே மடிப்போடு பிரிந்தது. கொடுத்த பாட்டியிடம் அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இரவெல்லாம் உட்கார்ந்து அந்த 41-ஐயும் தைத்த சகோதரிகளுக்கும், விளக்குகளை ஏற்றுக்கொண்ட குடும்பத்துக்கும், இரண்டு முறை கொடுத்துவிட்டுப் பெயர் போடக் கூடாதென்று தடுத்தவருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. கடவுள் அவர்களை நன்றாக வைக்கட்டும்.

தருவதாக எழுதிக் கொடுத்து இன்னும் தராதவர்கள் 27 பேர். பெயர்களைப் படிக்கப்போவதில்லை. அம்மா தைத்த போர்வைக்குக் கீழே நின்று படம் எடுக்கும்போது, கம்பி யார் வாங்கியது என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

பணம் முடியாதவர்கள் ஊசியோடு வாருங்கள். அப்புறம், 64-இல் 42-க்குத் தைத்தவர் பெயரே இல்லை. தெரிந்தால் அதையாவது எழுதி அனுப்புங்கள். பெயர் அட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவினர்