கேமரா பதிவு யாரிடம் இருக்க வேண்டும்?

காவல் நிலையக் கண்காணிப்புக் கேமராக்கள் செயல்படாதது குறித்து உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தாமாக முன்வந்து எடுத்த வழக்கைப் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். ஒலியும் ஒளியும் பதிவாக வேண்டும், 18 மாதங்கள் வரை சேமிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே தெளிவாக ஆணையிட்டது. ஆனால் கேமராவைப் பராமரிக்கும் பொறுப்பு நிலைய அதிகாரியிடமே விடப்பட்டது. எவர் மீது புகார் எழக்கூடுமோ அவர் கையிலேயே சாட்சியத்தை ஒப்படைப்பது எப்படிச் சரியாகும்? அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்தபோது, நிலையத்தின் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றிய நான், பதிவைக் கேட்டு மனுக் கொடுத்த குடும்பத்துக்கு 'கருவி பழுது' என்ற ஒற்றை வரியே பதிலாக வந்ததைப் பார்த்திருக்கிறேன்; பழுதானது எந்த நாளில் என்றுகூட அதில் இல்லை.

ஆகவே, பதிவுகள் உடனுக்குடன் மாவட்ட நீதிமன்றக் கட்டுப்பாட்டிலுள்ள சர்வருக்குச் சென்று சேரவும், கேமரா நின்றால் அன்றே, இக்கேமராக்களை மேற்பார்வையிடும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்குத் தகவல் எட்டவும் தமிழக அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- வாசகர், திருநெல்வேலி