மழைத் தகுதிச் சுற்றைக் குலுக்குச் சீட்டு என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஃபார்முலா 1 கார் பந்தயம் பற்றி வந்த கட்டுரையில், மழையில் நடக்கும் தகுதிச் சுற்று (பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று முடிவு செய்யும் சுற்று) "வெறும் குலுக்குச் சீட்டு" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கிள்ளானில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டயர் கடை நடத்தியவன் நான். நம் மலேசியாவின் சிப்பாங் தடத்தில் பந்தயம் நடந்த காலத்தில் முடிந்த போதெல்லாம் போய்ப் பார்த்தவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் டயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டயரின் வரிப்பள்ளத்தை மலாய் மொழியில் 'பூ' என்று பொருள்படத்தான் சொல்வார்கள். மழைக்காலத்தில் கடைக்கு வரும் ஒவ்வொரு காரின் பூவிலும் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்ப்பது என் வழக்கம். நகம் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கிக்கொண்டு போனால், அந்த வண்டியை அப்படியே திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. சாலைத் தண்ணீர் ஒதுங்க வழியில்லாமல் டயருக்கும் தாருக்கும் நடுவே தங்கிவிடும். வண்டி தண்ணீர் மேல் மிதக்கும். அப்புறம் ஸ்டீயரிங் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம்.

பந்தயக் காரின் ஸ்லிக் டயருக்குப் பூவே கிடையாது. காய்ந்த தடத்தில் அதை மிஞ்ச வேறு டயர் இல்லை. ஈரத்துக்கு இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். பச்சைக் கோடு போட்டது இடைநிலை டயர், நீலக் கோடு போட்டது முழு மழை டயர். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இடைநிலை டயர் விநாடிக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும், முழு மழை டயர் 85 லிட்டர் வரை ஒதுக்கும் என்பது பைரெல்லி நிறுவனம் சொல்லும் கணக்கு. ஆனால் தடம் காயத் தொடங்கிவிட்டால் அதே இடைநிலை டயரின் ரப்பர் கட்டிகள் வளைந்து நெளிந்து சூடேறி, சில சுற்றுகளில் உரிந்துவிடும். எந்த நிமிடத்தில் எந்த டயர் என்று முடிவு செய்வதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த முடிவைத்தான் உங்கள் கட்டுரை குலுக்குச் சீட்டு என்கிறது.

2010 ஏப்ரல் 3, சனிக்கிழமை. கடையை மதியத்தோடு சாத்திவிட்டு, தம்பி மகனை அழைத்துக்கொண்டு சிப்பாங் போனேன். புல்மேட்டில் மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். நான்கு மணிக்குத் தகுதிச் சுற்று, மூன்று பகுதிகளாக நடக்கும். தடம் அதற்குள் நனைந்திருந்தது. முதல் பகுதி 20 நிமிடம், அதில் 24 கார்களில் கடைசி ஏழு வெளியேற வேண்டும். பெரும்பாலான அணிகள் உடனே கார்களை அனுப்பிவிட்டன. சிவப்புக் கார்கள் இரண்டையும் காணோம். மெக்லாரன் கார்களையும் காணோம்.

"பெரியப்பா, ஃபெராரி ஏன் வெளிய வரல?" என்று பையன் கேட்டான். "மழை விடட்டும்னு காத்திருக்காங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் எங்களுக்குப் பின்னால் வானம் இன்னும் கறுத்துக்கொண்டுதான் இருந்தது.

ஃபெராரிக்காரர்களும் மெக்லாரன்காரர்களும் ரேடாரைப் பார்த்தார்கள். மழை சீக்கிரம் நகர்ந்துவிடும் என்று ரேடார் காட்டியது, நம்பினார்கள். ஐரோப்பாவில் அந்த நம்பிக்கை பல நாள் பலித்திருக்கும். அங்கே மழை ஒரு திசையிலிருந்து வரிசையாக வரும், வந்த வழியில் நகர்ந்து போகும். நம் ஊர் மதிய மழை அப்படியா? வெயில் ஏற ஏற நம் தலைக்கு மேலேயே மேகம் திரண்டு, நின்ற இடத்திலேயே கொட்டும். கிள்ளானில் தெரு மிதக்கும்போது பக்கத்து ஊரான ஷா ஆலாமில் துணி காயும். இருக்கிற மழையைத்தான் ரேடார் காட்டும். இனிமேல் திரளப் போவதை அது எங்கே காட்டும்? இதைச் சொல்ல வானிலை நிபுணர் தேவையில்லை, சிப்பாங்கில் கார் நிறுத்துமிடத்தைக் கவனிக்கும் ஆளைக் கேட்டிருந்தாலே போதும்.

மழை வலுத்தது. முதலில் நேரம் பதிந்தவர்கள் தப்பினார்கள். காத்திருந்தவர்கள் வெளியே வந்தபோது தடத்தில் ஓடை ஓடியது. ஃபெராரியின் அலோன்சோ 19, மெக்லாரனின் ஹாமில்டன் 20, ஃபெராரியின் இன்னொருவர் மாசா 21. அவர்களுக்கு அடுத்து 22ஆவது இடத்தில், புதிதாக வந்த ஹிஸ்பானியா காரில் சென்னைப் பையன் கருண் சந்தோக். மெக்லாரனின் இன்னொருவரான பட்டன் முன்னதாக ஒரு நேரம் பதிந்து 17ஆவதாகத் தப்பினார், ஆனால் தடத்தின் ஓரச் சரளையில் சிக்கிக்கொண்டதால் அடுத்த பகுதியில் ஓட முடியவில்லை. நம் நாட்டவரின் லோட்டஸ் அணியில் கோவலைனன் இரண்டாம் பகுதிக்குப் போனார். ஃபோர்ஸ் இந்தியாவின் சுட்டில் நான்காம் இடம் பிடித்தார். இதெல்லாம் அதிர்ஷ்டம் என்றால், அந்த அதிர்ஷ்டம் ஏன் வெளியே போய் ஓடியவர்களுக்கு மட்டும் கிடைத்தது? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் பெரியவர்கள் சொன்னதை அன்று சிறிய அணிகள் செய்தன, பெரிய அணிகள் செய்யவில்லை. தப்புக் கணக்குப் போட்டோம் என்று அந்தப் பெரிய அணிகளே பிறகு ஒப்புக்கொண்டன.

கடைசிப் பகுதியைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கனமழையால் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தி, மீண்டும் தொடங்கினார்கள். பெரும்பாலோர் முழு மழை டயரில் இருக்க, ரெட் புல் அணியின் வெப்பர் இடைநிலை டயரில் வந்தார். மற்ற கார்கள் போகும்போது பின்னால் வெள்ளைச் சுவர் மாதிரி நீர்த்துளி எழும். வெப்பர் போனபோது அந்தச் சுவர் மெலிந்திருந்தது, கார் நெளிந்தது, பின்பக்கம் ஒரு தடவை விலகித் திரும்ப ஒட்டிக்கொண்டது. இரண்டாவது வந்த ரோஸ்பெர்க்கை விட 1.3 விநாடிக்கு மேல் வேகம். நூறில் ஒரு பங்கு விநாடிக்குச் சண்டை போடும் விளையாட்டில் இது எவ்வளவு பெரிய இடைவெளி என்று பாருங்கள். தண்ணீர் எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று தடத்தில் படித்து எடுத்த முடிவு அது.

அதே சிப்பாங்கில் 2001 பந்தயத்தில் திடீர் மழையில் சறுக்கி வெளியே போன பிறகும், இடைநிலை டயரைத் துணிந்து மாட்டி முதல் இரண்டு இடங்களையும் எடுத்தது இதே ஃபெராரிதான் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2022 நவம்பரில் பிரேசிலின் இன்டர்லாகோஸில் ஹாஸ் அணியின் மேக்னுசன் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்ததைத்தான் உங்கள் கட்டுரையும் உதாரணமாகக் காட்டியிருந்தது. உண்மைதான், ரசல் சரளையில் மாட்டி, சிவப்புக் கொடி விழுந்து, பிறகு மழை வலுத்து, யாராலும் நேரத்தைக் குறைக்க முடியாமல் போனது. அது அவருக்குக் கிடைத்த உதவி, அதை நான் மறுக்கவில்லை. அதற்கு முன்னால் நடந்ததைக் கட்டுரை ஏன் விட்டுவிட்டது? முந்தைய ஆண்டு கடைசி இடம் என்பதால் அந்த அணியின் கூடாரம், டயர் மாற்றும் பிட் பாதையிலிருந்து தடத்துக்கு வெளியேறும் வாசலுக்கு மிக அருகில் இருந்தது. மழை வரப்போகிறது என்று தெரிந்ததும், விளக்கு பச்சையாவதற்கு முன்பே அவர்கள் வரிசையில் முதலாவதாகக் காரை நிறுத்திவிட்டார்கள். ஸ்லிக் டயர், காலியான தடம், 1 நிமிடம் 11.674 விநாடி. அதே நேரத்தில் ஃபெராரி, லெக்லெர்க் ஒருவரை மட்டும் இடைநிலை டயரில் அனுப்பியது. மழை அவர்கள் எதிர்பார்த்ததற்குச் சில நிமிடம் பிந்தியது. அவர் ஒரு நேரமும் பதியாமல் பத்தாவது. ஒரே வானம், ஒரே தடம், இரண்டு கணக்கு.

அடுத்த ஆண்டு கனடாவின் மான்ட்ரியலிலும் அப்படியே. காய்ந்துகொண்டிருந்த தடத்தில் ஆல்பன் முன்கூட்டியே ஸ்லிக் மாட்டி, வில்லியம்ஸ் காரில் இரண்டாம் பகுதியின் மிக வேகமான நேரத்தைப் பதிந்தார். ஸ்லிக் கொடுங்கள் என்று கேட்ட லெக்லெர்க்கை இடைநிலை டயரிலேயே முதலில் ஓடச் சொன்னார்கள். மழை திரும்பியது, 11ஆவதாக வெளியேறினார்.

சரியான டயரை எடுத்தும் தோற்கலாம், அதற்கு 2021இல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த தகுதிச் சுற்று உதாரணம். ஹாமில்டன்தான் இடைநிலை டயரில் முன்னிலையில் இருந்தார். ஸ்லிக் மாற்ற வரும்போது பிட் நுழைவில் சுவரில் உரசி, காரின் மூக்கை மாற்ற நேரம் போய்விட்டது. நோரிஸ், சைன்ஸ், ரசல் மூவரும் அதற்குள் ஸ்லிக்கை ஒன்றிரண்டு சுற்று ஓட்டிச் சூடாக்கிவிட்டார்கள். ஹாமில்டன் டயர் சூடேறவே இல்லை, கடைசியில் சுழன்றார். என் கடையில் புது டயர் மாட்டிய ஒவ்வொருவரிடமும், "முதல் கொஞ்ச தூரம் மெதுவா போங்கண்ணே, டயர் இன்னும் பிடிக்காது" என்று சொல்லித்தான் அனுப்புவேன். உலகச் சாம்பியனுக்கும் ரப்பர் அதே ரப்பர்தான்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் ஒன்றுதான். மழையில் தகுதிச் சுற்று நடந்தால், நீங்கள் போடும் அட்டவணையில் ஓட்டுநர் பெயர், அணி, நேரம் ஆகியவற்றோடு இன்னும் இரண்டு கட்டம் சேருங்கள்: எந்த டயரில் பதிந்தார், எத்தனையாவது நிமிடத்தில் பதிந்தார். இடம் போதாது என்றால் முதல் பத்துப் பேருக்கும், வெளியேறிய பெரிய அணிகளுக்கும் மட்டும் போடுங்கள். பந்தயம் பார்க்கும் நம் பிள்ளைகள் அதை வைத்து அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.

2010 சிப்பாங் சுற்றுக்கு அப்படி ஓர் அட்டவணையை அன்று இரவே என் கடையின் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், என் கண்ணுக்குத் தெரிந்த அளவில், எழுதி வைத்தேன். மழை பட்டு ஓரம் சுருண்டிருக்கிறது, எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது. தேவைப்பட்டால் நகல் எடுத்து அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற டயர் கடைக்காரர்,
கிள்ளான்.