மடங்கிய கை

அன்புள்ள ரவி,

உன் கடிதம் வந்து இருபது நாள். நீ கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததில் நிம்மதி. நான் பழையபடிதான்.

உன் அக்கா மகளுக்கு, வெள்ளணுக்களே மூளையைத் தாக்கும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோய்க்காக நாடலிசுமாப் ஊசி என்றும், அது வெள்ளணுக்களின் 'பசையை' மறைக்கும் என்று டாக்டர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அதென்ன பசை என்று கேட்டாய். வகுப்பில் இதை எத்தனையோ முறை சொன்னவன் நான், விடுவேனா!

தேவைப்படும்போது செல் பசையைச் சுரக்கும் என்று பலர் நினைப்பார்கள். அப்படியில்லை. இன்டெக்ரின் என்ற புரதம் எப்போதும் செல்லின் மேலேதான் இருக்கிறது. ஆனால் முழங்கை மடங்கிய கை மாதிரி குனிந்து கிடக்கும், எதையும் பிடிக்காது. வீக்கம் கண்ட இடத்தில் ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள செலக்டின் என்ற புரதங்கள் ஓடும் வெள்ளணுவைத் தொட்டுத் தொட்டு விடும். அது உருளும், வேகம் குறையும். அப்போது சுவரில் ஒட்டியிருக்கும் கீமோகைன் என்ற சேதிப் புரதம், வெள்ளணுவின் மேலிருக்கும் ஏற்பியில் (சேதி வாங்கும் புரதத்தில்) படுகிறது. சேதி உள்ளே போகிறது. உள்ளேயிருந்து டேலின் என்ற புரதம் இன்டெக்ரினின் வாலைப் பற்ற, வெளியே கை நிமிர்கிறது. உருண்ட செல் சட்டென நின்றுவிடும்.

மற்ற செல்களைத் தொட்டுச் சோதிக்கும் வெள்ளணுவான டி செல்லில் இன்னும் அழகு. 1989இல் டஸ்டின், ஸ்பிரிங்கர் என்ற ஆய்வாளர்கள் டி செல் ஏற்பிகளை ஆன்டிபாடியால் (குறிவைத்து ஒட்டும் எதிர்ப்புரதத்தால்) சேர்த்துக் கோத்தார்கள். உடனே எல்எஃப்ஏ-1 என்ற இன்டெக்ரின், மற்ற செல்களின் மேலிருக்கும் ஐகேம்-1 என்ற புரதத்தை இறுகப் பிடித்தது. மேற்பரப்பில் அதன் எண்ணிக்கை கூடவில்லை, பிடிதான் கூடியது. அப்புறம் தானாகவே தளர்ந்தும் விட்டது. எனக்குப் பிடித்தது அந்தத் தளர்வுதான். விடத் தெரியாத செல் அடுத்த செல்லைச் சோதிக்கப் போக முடியாதே.

பிடியே இல்லாவிட்டால்? பிறவியிலேயே இந்த இன்டெக்ரினின் சிடி18 என்ற பகுதி இல்லாத குழந்தைகளுக்கு, வெள்ளணு சுவரைப் பிடித்து வெளியேற முடியாததால், ரத்தத்தில் அது எக்கச்சக்கமாக இருக்கும், புண்ணில் சீழே வைக்காது. தொப்புள்கொடி விழவும் தாமதமாகும்.

சரி, ஊசிக்கு வருகிறேன். அது ஆல்ஃபா-4 என்ற இன்டெக்ரினை மறைத்து, வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழையாமல் தடுக்கிறது. எம்.எஸ். அடங்குகிறது, ஆனால் மூளைக்குக் காவலும் குறைகிறது. அமெரிக்காவில் 2004இல் அனுமதித்த மருந்தை, சிலருக்கு மூளையில் ஜேசி வைரஸ் கிளம்பியதால் 2005இல் நிறுத்தி, 2006இல் கட்டுப்பாடுகளோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். பயப்பட வேண்டாம், அதற்காகத்தான் ரத்தத்தில் அந்த வைரஸுக்கான ஆன்டிபாடியைப் பார்க்கிறார்கள். அவளுக்குப் பார்த்தாயிற்றா? ரிசல்ட் வந்ததும் எழுது.

அன்புடன்,
மூர்த்தி