வடக்குச் சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம்: நம் ஆலயச் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டிச் செயலர், பொருளாளர், அங்கத்தினர் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

கடந்த ஞாயிறு இரண்டாம் ஆராதனையில், இரண்டு கல்யாண அறிவிப்பு ஓலைகளுக்கும் பெண்கள் ஐக்கியக் கூட்ட அறிவிப்புக்கும் நடுவே ஒரே மூச்சில் வாசிக்கப்பட்ட தீர்மானத்தைப் பற்றியது இந்த மடல். ஆலயத்தின் வடக்குச் சுவரில் இருக்கும் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, தரையிலிருந்து கூரை வரை சிமெண்ட் பூச்சு, அதன்மேல் புட்டி, எமல்ஷன் பெயிண்ட். பிறகு ஓட்டுக்கு அடியில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். அப்புறம் ஏசி. ஐப்பசியில் தொடங்கி கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் முடித்துவிட வேண்டுமாம். ஆட்சேபம் உண்டா என்று கல்யாண ஓலைக்காவது கேட்டார்கள். இதற்குக் கேட்கவில்லை.

ஆகவே எழுத்தில் வைக்கிறோம். வடக்குச் சுவரில் சிமெண்ட் பூசும் வேலையை நிறுத்துங்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

அந்தச் சுவருக்கு இது முதல் சிமெண்ட் இல்லை என்பது கமிட்டிக்கே தெரியும். முந்தைய கமிட்டி ஒன்று உட்புறம் நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, மேலே டைல் ஒட்டியது. அன்றைக்கு ஈரக்கோடு தரையிலிருந்து ஒன்றரை அடியில் நின்றது. இன்றைக்கு அது எங்கே நிற்கிறது என்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். டைலுக்கு மேலே ஏறி, ஜன்னல் கட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது. காரணம் மர்மமானது ஒன்றுமில்லை. எல்.எம்.எஸ். என்ற லண்டன் மிஷனரி சங்கத்தின் காலத்தில், அதாவது 1947 செப்டம்பர் 27-இல் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு வெகு காலம் முன்பே எழும்பிய கட்டடம் இது. கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துக் கட்டிய இரண்டடிச் சுவர். அடிவாரத்தில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. அந்நாளில் பெரும்பாலும் போட்டதில்லை. மண்ணிலிருந்து ஈரம் கல்லிடுக்குக் காரை வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், வெயில் வந்தால் காயும். சிமெண்ட் விடாது. வழி அடைபட்ட ஈரம், சிமெண்ட் முடியும் இடம் வரை ஏறி அங்கே வெளியேறும். கூடவே மண்ணின் உப்பையும் கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டுப் போகும். உப்பு காயும்போது படிகமாகி விரிகிறது. பெயிண்ட் கொப்புளம் கட்டுவதும், காரை மாவாகக் கொட்டுவதும் அதனால்தான்.

இப்போது கூரை வரை சிமெண்ட் என்கிறீர்கள். அப்படியானால் ஈரம் இன்னும் மேலே ஏறும், கூரைப் பக்கமிருந்து சுவருக்குள் இறங்கும் தண்ணீரும் உள்ளேயே அடைபடும். சுவரின் உச்சியில் கிடப்பது அயனியும் தேக்குமான உத்திரக் கட்டைகள். ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளான கழுக்கோல்களின் நுனி எல்லாம் அவற்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஈரம் பிடித்த நுனியைச் சிதல், அதாவது கரையான், தேடி வரும். அதன்பிறகு நாம் பேச வேண்டியது பூச்சைப் பற்றி அல்ல, கூரையைப் பற்றி. அதுவும் ஐப்பசியில் பூசப் போகிறீர்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. ஜூனில் தொடங்கிய தென்மேற்கு ஓய்வதற்குள் வடகிழக்கு வந்து நிற்கும். வருஷத்திலேயே சுவர் அதிகம் ஊறியிருக்கும் நேரம் பார்த்து அதை மூடுவது, நனைந்த சட்டைமேல் மழைக்கோட்டு மாட்டுவதுதான்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கமிட்டி கேட்கலாம். வடக்கு வரிசையில் உட்காரும் முதியவர்களின் தோளில் காரைப்பொடி விழுவதைச் சொல்லலாம், அதைத் தட்டிவிட்டுக்கொள்வார்கள். தட்டிவிட முடியாதது, ஆலயத்தோடு ஒட்டிய பதிவேட்டு அறையான வெஸ்ட்ரியில் இருக்கிறது.

ஞானஸ்நானப் பதிவேடுகள், திருமணப் பதிவேடுகள், அடக்கப் பதிவேடுகள் எல்லாம் இருக்கும் இரும்பு அலமாரி, அதே வடக்குச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. அலமாரியின் முதுகுத் தகடு துருவேறி, கீழ்த்தட்டுக்கு அருகே ஓட்டை விழுந்துவிட்டது. கீழ்த்தட்டில் இருப்பவைதான் ஆகப் பழைய ஏடுகள். அந்தக் காலத்து மை தண்ணீர் பட்டால் பழுப்பாகப் படரும், பெயரும் தேதியும் ஒன்றின்மேல் ஒன்று ஊறும். ஈரமான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் கிழிகின்றன. ஞானஸ்நானச் சான்று கேட்டு வருகிறவரிடம் “அந்தப் பக்கம் ஒட்டிக்கிடக்கிறது, அப்புறம் வாருங்கள்” என்று சபை ஊழியர் சொல்லும் நிலை வந்திருக்கிறது. பிறந்த தேதிக்கு வேறு காகிதம் இல்லாத வயதானவர்களுக்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம். பெயரில் ஒரு எழுத்து மாறியிருப்பதால் வேலைகள் தடைபட்டு நிற்கிறவர்களுக்கும் அதுதான். 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் வந்தபிறகும், பழைய திருமணத்தை நிரூபிக்க மக்கள் முதலில் வருவது ஆலயத்துக்குத்தான். நகரத்துச் சபையில் கல்லறைத் தோட்டம் எவ்வளவு நெருக்கடி என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. எந்தக் குடும்பக் குழியில் யார், எந்த வருஷம் அடக்கம் என்ற வழக்கு வரும்போது, அடக்கப் பதிவேட்டைத் தவிர சாட்சி ஏது?

அந்த ஏடுகளை வெயிலில் காயப்போட வேண்டாம், தாள் சுருண்டு நொறுங்கும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம். லேமினேஷன் கூடவே கூடாது. உள்ளே போன ஈரமும் பூஞ்சையும் அங்கேயே இருந்து தாளைத் தின்னும். செல்லோ டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தை விழுங்கும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையில் மின்விசிறிக் காற்றில், பத்துத் தாளுக்கு ஒன்றாக மையொற்றுத் தாள் செருகி, அந்த ஒற்றுத்தாளை நாளுக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும். ஒட்டிய பக்கங்களை முழுதாகக் காயும் வரை பிரிக்கக் கூடாது. காய்ந்தபின் ஒவ்வொரு பக்கத்தையும் நேர் மேலிருந்து படம் எடுத்து, ஒரு பிரதி சபையிலும் ஒன்று பேராய (மறைமாவட்ட) அலுவலகத்திலும் வைக்கலாம். அலமாரியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி, தரையிலிருந்து நாலு அங்குலம் உயரத்தில் மரப்பலகைமேல் நிறுத்த வேண்டும். இதற்குத் தீர்மானமும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். நாலு வாலிபர்கள் போதும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரண்டு இடத்திலிருந்து.

ஒன்று மேலே. பிரதான கூரையும் வெஸ்ட்ரியின் கூரையும் சந்திக்கும் மூலையில் இருக்கும் தகரப் பாத்தி. அது துருப்பிடித்து, மடிப்பில் கிழிந்திருக்கிறது. அதில் இலைச்சருகு அடைத்தால் தண்ணீர் பின்னுக்கு ஏறிச் சுவருக்குள் இறங்கும். ஓடுகளும் சேர்ந்துகொள்கின்றன. 2017 ஓகிப் புயலுக்குப் பிறகு கிடைத்த ஓட்டைக் கொண்டு ஒட்டுப்போட்டார்கள். மங்களூர் ஓடு என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் பள்ளமும் வரம்பும் வேறு. ஒன்றோடொன்று கவ்வாது, சாரல் அடித்தால் இடுக்கில் ஏறும். பழைய ஓட்டின் முதுகில் இருக்கும் முத்திரையைப் பார்த்து, அதே முத்திரையுள்ள ஓடு இருநூறாவது வாங்கி வையுங்கள். நகரத்தில் வாரத்துக்கொரு ஓட்டு வீடு இடிகிறது, தேடினால் கிடைக்கும். பாத்தியைக் குறைந்தது ஒன்றரை அடி அகலத்தில் அலுமினியத்திலோ செம்பிலோ மாற்றி, இரு பக்கமும் ஓட்டுக்கு அடியில் அரையடி உள்ளே போகும்படி செருக வேண்டும்.

மற்றொன்று கீழே. ஆலயத்தைச் சுற்றி இண்டர்லாக் கல் பதித்தீர்களே, கார் நிறுத்த வசதியாக, அது சுவரோடு ஒட்டி, உள்தரையைவிட உயரமாக நிற்கிறது. மழை பெய்தால் வடக்குச் சுவரின் கால் தண்ணீரில் நிற்கிறது. நாகர்கோவில் நகராட்சியாக இருந்தபோதும் சரி, 2019-இல் மாநகராட்சி ஆனபிறகும் சரி, பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறிக்கொண்டே போகிறது, ஊரில் உள்ள பழைய வாசற்படி எல்லாம் பள்ளத்தில் கிடக்கின்றன. அதைத் தட்டிக்கேட்க நம் கமிட்டிக்கு நேரமில்லை. பேராயத் தேர்தலுக்கு மட்டும் வீடு வீடாக ஏறி இறங்க எப்படியோ நேரம் கிடைக்கிறது. சொல்ல வந்தது அதல்ல. சுவரிலிருந்து மூன்றடி அகலத்துக்கு இண்டர்லாக் கல்லைப் பெயர்த்து, உள்தரை மட்டத்துக்கு எட்டு அங்குலமாவது கீழே மண்ணை இறக்கி, ஜல்லி பரப்பி, தெற்கே அல்ல, மேற்கே ஓடை இருக்கும் பக்கம் சரிவு கொடுங்கள். நாலு கார் நிறுத்தும் இடம் குறையும். குறையட்டும்.

இந்த இரண்டையும் செய்துவிட்டு, ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து, ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள உலர்ந்த நாட்களில் சுண்ணாம்புக் காரையே பூசலாம். எண்பதடி நீளம், பதினெட்டடி உயரம், முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் கனம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஜன்னல்களைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் ஒரு யூனிட் (நூறு கன அடி) மணலும், அதில் மூன்றில் ஒரு பங்கு சுண்ணாம்பும் போதும். கழுவிச் சலித்த பி சாண்ட் (பூச்சு வேலைக்கான செயற்கை மணல்) ஆகலாம். கடல்மணல் கலந்தது ஆகாது. சுண்ணாம்பை நீற்றி, சலித்து, மூன்று வாரமாவது தண்ணீருக்கு அடியில் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் சுவரில் போனபிறகு நீறி, பொரிபொரியாகத் தெறிக்கும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்ப்பது நல்லதுதான், ஆனால் அவை இல்லாவிட்டாலும் காரை பிடிக்கும். நீறாத சுண்ணாம்புதான் பிடிக்காது. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் கனம் கூடாது. அடுத்த பூச்சுக்கு ஒரு வாரம் பொறுத்து, அதுவரை ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றைக் குடித்து இறுகுவது, அதனால் சிமெண்ட் போல மறுநாளே கல்லாகாது. மேலே புட்டியும் எமல்ஷனும் போட்டால் பட்டபாடெல்லாம் வீண். மெல்லிய சுண்ணாம்பு வெள்ளை, மூன்று கை. கிறிஸ்துமசுக்கு முன் வாலிபர்கள் சேர்ந்து வெள்ளையடித்த வழக்கத்தை நிறுத்தியது நாம்தான்.

ஃபால்ஸ் சீலிங் பற்றிச் சுருக்கமாக. ஜிப்சம் பலகை நனைந்தால் ஊதி விழும். அதன்மேல் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது கழுக்கோல் போயிருக்கும். வருஷந்தோறும் ஜூனுக்கு முன் ஓடு பிரித்து அடுக்குகிறவர் எங்கே காலை வைப்பார்? வவ்வாலுக்கும் ஒரு தனி அறை கிடைக்கும். எல்.எம்.எஸ்.காரர்கள் அலங்காரம் குறைத்து, கூரையை இவ்வளவு உயரத்தில் தூக்கினார்கள். பிரசங்கமும் பாட்டும் கடைசிப் பெஞ்சு வரை கேட்கின்றன. அந்தக் கூரை உயரத்தைப் பத்தடி இறக்கிவிட்டு, கேட்கவில்லை என்று இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வாங்குவோம்.

எங்களுக்குத் தெரியும், பாத்திக்குக் காணிக்கை கொடுக்க ஆள் கிடைக்காது. ஏசிக்குக் கிடைக்கும், எல்.இ.டி. திரைக்குக் கிடைக்கும், ஏனென்றால் அவற்றின் பக்கத்தில் “பிரதிஷ்டை செய்தவர்” என்று கருங்கல் பலகை பதிக்கலாம். பாத்திக்கும் ஒரு பலகை பதியுங்கள். கமிட்டி அங்கத்தினர் பெயர் அத்தனையும் தங்க எழுத்தில் போடுங்கள், நாங்களே வந்து கைதட்டுகிறோம்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆசாரியன் முதலில் வீட்டை ஒழித்துவைக்கச் சொல்கிறான், பிறகு வந்து பார்க்கிறான், ஏழுநாள் அடைத்துவைத்து மறுபடியும் பார்க்கிறான். சுரண்டுவதும் பூசுவதும் அதற்குப் பிறகுதான். நம் தீர்மானமோ பூச்சிலிருந்து தொடங்குகிறது.

ஆகவே பணிவாகக் கேட்கிறோம். வடக்குச் சுவரில் சிமெண்ட் பூசும் வேலையை நிறுத்துங்கள். ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதைப் பாத்தி வேலைக்கும் தரை இறக்கும் வேலைக்கும் மாற்றுங்கள். பழைய கட்டடங்களில் கைவைத்துப் பழகிய ஒரு பொறியாளரையும், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரையும் அழைத்து, மழை பெய்யும் நாள் ஒன்றில் கமிட்டி முழுவதும் சுவரைச் சுற்றி வரட்டும். அவர்கள் எழுத்தில் கொடுப்பதைச் சபைக் கூட்டத்தில் வைத்து, சபையார் கேட்டபிறகு தீர்மானியுங்கள். அலமாரியை மட்டும் அதுவரை காத்திருக்க வைக்க வேண்டாம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரிச் சாவியைத் தந்தால் நகர்த்திக் கொடுக்க ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள்,
சபையார் சிலர்,
நாகர்கோவில்.