கிளப்பில் சேர்ந்த பேரன் எழுதுவது

டூவூம்பா, குயின்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா
ஆடி மாதம்

அன்புள்ள அப்புச்சிக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மிச்சியின் நலமும் அறிய ஆவல். நான் இங்கே கிளப்பில் சேர்ந்துவிட்டதாக மாமா சொல்லக் கேட்டு, நீங்கள் இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அம்மா சொன்னார். கிளப் என்றால் நமக்குச் சீட்டுக்கட்டுதான் நினைவுக்கு வரும். மஞ்சள் விற்ற பணத்தை அங்கே வைத்துத் தோற்றவர்களின் கதையை நான் கேட்டதும் உங்கள் வாயால்தான். ஆகையால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

நான் சேர்ந்திருப்பது அரிமா சங்கம், அதாவது லயன்ஸ் கிளப். சிகாகோவில் இன்சூரன்ஸ் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் என்பவர் 1917இல் தொடங்கி வைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு 1947இலும் நம் நாட்டுக்கு 1956இலும் வந்தது. கண்ணும் காதும் இல்லாத ஹெலன் கெல்லர் 1925இல் இவர்களுடைய மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றவர்களுக்குத் துணை நிற்குமாறு கேட்டுக்கொண்டாராம். அன்றிலிருந்து கண் சம்பந்தமான வேலையே இவர்களுக்கு முதல் வேலையாகிவிட்டது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே பன்னிங்ஸ் என்று ஒரு பெரிய இரும்புச் சாமான் கடை இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் அதன் வாசலில் அடுப்பு வைத்து, ரொட்டித் துண்டில் சாசேஜ் என்கிற இறைச்சிக் குழலும் வதக்கிய வெங்காயமும் வைத்து விற்க, ஊரிலுள்ள சங்கங்களுக்கு முறை வைத்து இடம் தருகிறார்கள். விலை 3.50 டாலர். மாட்டிறைச்சி என்பதால் நான் அடுப்புப் பக்கம் போவதில்லை. வெங்காயம் அரிவதும் காசு வாங்கிப் போடுவதும் என் பொறுப்பு. விடியற்காலைக் குளிரில் விரல் மரத்துப்போக, கண்ணில் நீர் வழிய நான் அரிந்துகொண்டிருக்கையில், பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியை ரொட்டிப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருப்பார். அவர்தான் எங்கள் பொருளாளர். (வெங்காயம் சிந்தி யாரும் வழுக்கி விழக் கூடாதென்று, அதை சாசேஜுக்கு அடியில்தான் வைக்க வேண்டும் என 2018இல் கடைக்காரர்கள் சொல்லப்போக, நாடெல்லாம் அதே பேச்சாக இருந்ததாம்.)

அந்த அம்மையாரிடம் இரண்டு கணக்குகள் உண்டு. பொதுமக்களிடம் திரட்டிய பணம் ஒன்றில். அதைத் தருமக் காரியத்தைத் தவிர வேறெதற்கும் தொடக் கூடாது. நாங்கள் கட்டும் சந்தா மற்றொன்றில். தபால் செலவு, மண்டப வாடகை எல்லாம் அதிலிருந்துதான். கூட்டத்தில் குடிக்கும் தேநீர்கூட எங்கள் காசு. கோயில் நோன்பி வரவுசெலவை நீங்கள் நோட்டில் எழுதிவைக்கும் கண்டிப்பை நான் மறுபடி பார்த்தது இங்கேதான்.

இன்னொரு பதவியைக் கேட்டால் சிரிப்பீர்கள். 'டெயில் ட்விஸ்டர்', அதாவது வால் முறுக்குகிறவர். வண்டி மாட்டை நீங்கள் முடுக்குவதைப் போல, கூட்டம் தூங்கி வழியாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தாமதமாக வந்தவருக்கும் பேர் மறந்தவருக்கும் சில்லறை அபராதம் போடுவார். அவருக்கே அபராதம் போட வேண்டுமானால், வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும்.

சென்ற மாதம் பழைய கண்ணாடிகளைப் பிரிக்கும் வேலைக்குப் போயிருந்தேன். மருந்துக் கடைகளிலும் கண்ணாடிக் கடைகளிலும் பெட்டி வைத்துச் சேர்த்தவை. உடைந்ததையும் கீறல் விழுந்ததையும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் கழுவி, பவரை அளந்து குறித்து, ஏழை நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குவியலில் சோடா பாட்டிலின் அடிப்பாகம் போலக் கனத்த ஒரு கண்ணாடி கையில் அகப்பட்டது. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை பரவுவதற்கு முன், கண்புரையை எடுத்தவர்கள் அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள் என்று பொருளாளர் சொன்னார். எனக்கு உங்கள் ஆத்தாளின் ஞாபகம் வந்துவிட்டது. இலவச முகாமுக்கு அவரை வண்டி கட்டி அழைத்துப் போனதையும், கட்டுப் பிரித்துக் கண்ணாடி மாட்டியதும் வாசலில் நின்ற எருமையின் கொம்பைத்தான் முதலில் பார்த்தேன் என்று அவர் சொன்னதையும் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! பந்தலில் சிங்கமுகம் போட்ட துணி கட்டியிருந்ததாகவும் சொல்வீர்கள். அது இந்தச் சங்கத்தின் அடையாளம்தான், அப்புச்சி.

இவர்களிடம் குறையே இல்லை என்று எழுத மாட்டேன். எங்கள் சங்கத்தில் என்னைத் தவிர ஏறக்குறைய அனைவரும் தலை நரைத்தவர்கள். இளைஞர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. நம் பக்கத்தில் ஒரு தையல் இயந்திரத்தைக் கொடுக்க மேடையில் பத்துப் பேர் நின்று பொன்னாடை போர்த்திக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இங்கே விற்று முடித்ததும் அவரவர் அடுப்பைத் துடைத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போவது முதலில் விசித்திரமாகவே இருந்தது.

ஆத்தாளின் கண்ணாடி இன்னும் அட்டாலியில் இருந்தால், மாமாவிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருளாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

தங்கள் அன்புப் பேரன்