இன்னொரு மாத்திரையின் பெயர் என்ன, தேனு?

அன்பு மகள் தேனுவுக்கு,

நேற்று போனில் நீ பேச்சோடு பேச்சாகச் சொன்ன இரண்டு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுவது தாங்காமல், மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தினமும் சாப்பிட வேண்டிய டமாக்ஸிபென் மாத்திரையை அவ்வப்போது விட்டுவிடுகிறாய். அந்தச் சூட்டுக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்து உன் பேமிலி டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார், அதைப் புற்றுநோய் டாக்டரிடம் நீ இன்னும் சொல்லவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று போனை வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புது மாத்திரை. பெட்டியில் பராக்ஸிடின் என்றோ ஃப்ளூவாக்ஸிடின் என்றோ இருந்தால், மேற்கொண்டு படிக்காமல் உன் மருந்துக்கடைக்காரருக்குப் போன் போடு. டமாக்ஸிபென் உள்ளே போனதும் அப்படியே வேலை செய்துவிடாது. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி அதை எண்டாக்ஸிபென் என்ற பொருளாக மாற்ற வேண்டும். வீரியமெல்லாம் அதில்தான். பராக்ஸிடின் அந்த நொதியையே முடக்கிவிடும். நீ ஒழுங்காக மாத்திரை விழுங்குவாய், உடம்புக்குச் சேர வேண்டியது சேராது. உங்கள் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துப் பெண்களின் மருத்துவப் பதிவுகளை வைத்தே 2010இல் ஓர் ஆய்வு வந்தது. டமாக்ஸிபென்னையும் பராக்ஸிடினையும் சேர்த்து எவ்வளவு அதிக நாள் சாப்பிட்டார்களோ, அவ்வளவுக்கு மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் அதிகம் என்று அதில் தெரிந்தது. சூட்டைத் தணிக்க வென்லாஃபாக்ஸின் மாதிரி, அந்த நொதியை அவ்வளவாகத் தொடாத மருந்தும் உண்டு. ஆனால் நீயாக எதையும் நிறுத்திவிடாதே. பராக்ஸிடினைத் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் படபடப்பும் படுத்தி எடுக்கும். டாக்டரே மெல்லக் குறைத்து மாற்றித் தரட்டும்.

உன் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தின்று வளர்ந்த வகை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, டமாக்ஸிபென் செய்வது அதைத்தான். மார்பகச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தை முன்னாலேயே பிடித்துக்கொள்கிறது. ஐந்து வருஷம் விடாமல் சாப்பிட்டவர்களில் இந்த நோயால் ஏற்படும் இறப்பு, முதல் பதினைந்து வருஷங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். சின்ன மாத்திரை, ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம். அதற்கு இவ்வளவு பலன். சிலருக்கு அதைப் பத்து வருஷம் வரைகூட நீட்டுகிறார்கள். உனக்கு எத்தனை வருஷம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் நான் அதிகம் கேட்ட வார்த்தை, "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு?" என்பதுதான். ஒரு டீச்சரம்மா மட்டும் வித்தியாசம். மாத்திரை அட்டையைக் கையில் வாங்கியதும் கவுண்டரிலேயே வைத்து, பின்பக்கம் ஒவ்வொரு குழியின் மேலும் பேனாவால் திங்கள், செவ்வாய் என்று எழுதிக்கொண்டுதான் நகர்வார். உனக்கு பாட்டிலில் வந்தால் ஏழு கிழமைக்கும் அறை வைத்த பெட்டி வாங்கிக்கொள். தினமும் ஒரே நேரம். காலையில் மறந்தால் நினைவு வந்ததும் அன்றைக்கே போட்டுக்கொள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிடு, இரண்டாகப் போடாதே.

இனி நீ கவனிக்க வேண்டியவை. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் இதே மருந்து, கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்ளும். அங்கே உள்சவ்வு தடிக்கலாம், அபூர்வமாகப் புற்றாகவும் மாறலாம். மாதவிலக்குக்கு நடுவில் இரத்தம் பட்டாலோ, வழக்கத்துக்கு மாறாக அதிகம் போனாலோ, அடுத்த செக்கப்புக்காகக் காத்திருக்காதே. வெட்கப்படவும் வேண்டாம். பார்வை மங்கினால் கண் டாக்டரைப் பார்.

எனக்குப் பெரிய கவலை நீ மாசியில் கல்யாணத்துக்கு வரும் விமானப் பயணம். இந்த மருந்து இரத்தம் உறையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். டொரன்டோவிலிருந்து இங்கே வர ஒரு முழு நாளாகிறது, காலைத் தொங்கப்போட்டே உட்கார்ந்து வருவாய். டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் கேள், காலுறை போட வேண்டுமா, வேறு ஏதாவது முன்னெச்சரிக்கை வேண்டுமா என்று. நடைபாதைப் பக்கம் சீட் எடு, எழுந்து நட, தண்ணீர் குடி. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்ட வேண்டும். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ எனக்குப் போன் போடாதே, அங்கே அவசர உதவிக்கான 911க்குப் போடு. பல்லுக்கோ வேறெதற்கோ ஆபரேஷன் என்றாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடு.

பெரியம்மா உனக்கு மஞ்சளும் மிளகுச்சத்தும் சேர்ந்த கேப்சூல் சிபாரிசு பண்ணினாளாம். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையே இல்லை. ஆனால் செறிவாக்கிய அந்தக் கேப்சூல் இரத்தத்தில் எண்டாக்ஸிபென் அளவைக் குறைக்கிறது என்று நெதர்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். அத்தை கட்டி வைத்திருந்த தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியத்தையும் பார்சலிலிருந்து நான் எடுத்துவிட்டேன். ஹார்மோனோடு விளையாடுகிற மூலிகை இப்போது உனக்கு வேண்டாம். அத்தைக்கு வருத்தம்தான், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு குழந்தை ஆசை உனக்கும் மாப்பிள்ளைக்கும் இருப்பது தெரியும். 1962இல் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இங்கிலாந்தில் இந்த மருந்தை உருவாக்கியபோது, அவர் இருந்த கம்பெனி தேடிக்கொண்டிருந்தது கர்ப்பத்தடை மருந்தை. பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் நேர்மாறாகக் கருமுட்டையைத் தூண்டியது. அதனால் மாதவிலக்கு தள்ளிப்போகிறதே, கரு தங்காது என்று இருந்துவிடாதே. வயிற்றுக் குழந்தைக்கு இந்த மருந்து ஆகாது. கர்ப்பத்தடை மாத்திரையும் உனக்கு ஆகாது, ஆணுறையோ காப்பர்-டியோதான். அதற்காக ஆசையை மூட்டை கட்டவும் வேண்டாம். ஒன்றரை முதல் இரண்டரை வருஷம் வரை சாப்பிட்டுவிட்டு, குழந்தைக்காக இரண்டு வருஷம் வரை நிறுத்திவைத்த பெண்களுக்கு அந்தக் குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. எப்போது நிறுத்துவது, நிறுத்தி எத்தனை மாதம் கழித்து முயல்வது என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

சூட்டினால் உனக்கு ராத்திரித் தூக்கமே இல்லை என்பதைப் புற்றுநோய் டாக்டரிடம் மறைக்காமல் சொல். அதற்கு வழி இருக்கிறது, மாத்திரையை விடுவது அதில் சேராது.

இப்போதைக்கு இரண்டு மருந்துப் பெட்டியின் லேபிளையும் எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மருந்துக்கடைக்குப் போன் பண்ணியதும் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி போடு. இங்கே ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா